வெள்ளைக்கல்லும் செம்மண்ணும்: இடைநிலைத் தனிமங்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

சேலத்தில் மாமாங்கம், கருப்பூர் பக்கம் போகிறவர்களுக்கு வெள்ளைக்கல் குவாரி பழகிய காட்சி. வெட்டிக் குவித்த கல் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துக் கிடக்கும். அங்கிருந்து அடிவாரம் தாண்டி ஏற்காட்டுக்கு ஏறினால் காப்பித் தோட்டங்களில் கால் வைக்கிற மண் சிவப்பு. மலை உச்சிப் பக்கம் கிடைக்கும் பாக்சைட்டும் சிவப்புத்தான். ஒரு காலத்தில் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரியில் இறங்கியது இந்தக் கல்தான்.

வெள்ளைக்கல் என்பது மெக்னீசியம் கார்பனேட். பாக்சைட்டில் வேண்டிய சரக்கு அலுமினியம். தூய்மைப்படுத்திய அலுமினியம் ஆக்சைடு உப்பைப் போல வெள்ளையாக இருக்கும். ஆலையில் பிரிந்து வெளியேறும் சேறுதான் சிவப்பு. அதாவது பாக்சைட்டுக்கு நிறம் கொடுப்பது கூடவே ஒட்டிக்கொண்டு வந்த இரும்பு. மெக்னீசியத்தாலும் அலுமினியத்தாலும் ஒரு கல்லுக்கு நிறமேற்ற முடியவில்லை, கொஞ்சம் இரும்பு கலந்தாலே மலையே சிவக்கிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பிடித்துவிட்டால் பிளஸ் டூ வேதியியலில் மாணவர்களை மிரட்டும் ‘இடைநிலை, உள் இடைநிலைத் தனிமங்கள்’ பாடத்தில் பாதி முடிந்தது.

திண்ணை, நடை, உள்ளறை

அணுவைப் பழைய காலத்து வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளித்திண்ணையில் உட்கார்ந்திருப்பவை எஸ் எலக்ட்ரான்கள். வாசல் தாண்டியதும் வரும் நடையில் டி எலக்ட்ரான்கள். எஃப் எலக்ட்ரான்கள் இன்னும் உள்ளே, கதவு சாத்திய அறையில். வெளியாள் யார் வந்தாலும் முதலில் பார்ப்பது திண்ணையை. நடையில் நிற்பவரும் அவர் குரலுக்கு எழுந்து வருவார். உள்ளறையில் இருப்பவருக்கு வந்தவர் யாரென்றுகூடத் தெரியாது. உவமை இவ்வளவுதான், இதற்கு மேல் இழுத்தால் கிழிந்துவிடும்.

அணு எண் கணக்கில் பார்த்தால், பொட்டாசியம் (19), கால்சியம் (20) இரண்டிலும் 4எஸ், அதாவது நான்காம் கூட்டின் எஸ், நிரம்புகிறது. ஸ்கேண்டியத்திலிருந்து (21) துத்தநாகம் (30) வரை புதிதாக வரும் எலக்ட்ரான்கள் 3டி-க்குள் போகின்றன. டி-யில் ஐந்து ஆர்பிட்டால்கள் (எலக்ட்ரான் தங்கும் சிற்றறைகள்), ஒன்றுக்கு இரண்டு எலக்ட்ரான், ஆக பத்து இடம், பத்துத் தனிமம். இரண்டு பேர் மட்டும் வரிசை மாறுவார்கள். குரோமியத்தில் 3டி-யில் 5, 4எஸ்-இல் 1. தாமிரத்தில் 3டி-யில் 10, 4எஸ்-இல் 1. இதைத் தேர்வில் கேட்காமல் விடமாட்டார்கள்.

எல்லோரும் வழுக்கி விழும் இடம் அடுத்தது. நிரம்பும்போது 4எஸ் முதலில் நிரம்பியது என்பதால், எலக்ட்ரான் வெளியேறும்போது 3டி-யிலிருந்துதான் முதலில் போகும் என்று எழுதிவிடுகிறார்கள். தவறு. முதலில் காலியாவது திண்ணைதான். இரும்பு அணுவில் 3டி-யில் 6, 4எஸ்-இல் 2. இரண்டு எலக்ட்ரான் இழந்த இரும்பு +2 அயனியில் 4எஸ் காலி, 3டி-யில் அதே 6. இன்னொன்று போனால் +3, 3டி-யில் 5. இந்த ஐந்து எலக்ட்ரானும் ஐந்து அறையிலும் ஆளுக்கொன்றாக நிற்கின்றன. அது நிலையான அமைப்பு. இரும்பு காற்றில் பட்டதும் +3-க்குப் போகத் துடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது இலக்கணம். அணுவிலோ அது உண்டாக்கும் நேர் அயனியிலோ டி அறைகள் அரைகுறையாக நிரம்பியிருந்தால் அது இடைநிலைத் தனிமம். இந்த அளவுகோலில் துத்தநாகம் தேறாது. அணுவிலும் பத்து, அயனியிலும் பத்து. பாடத்தில் அதைச் சேர்த்து நடத்துவது ஒரு வசதிக்குத்தான். துத்தநாக ஆக்சைடும் துத்தநாக சல்பேட்டும் வெள்ளை என்பதைக் கவனியுங்கள்.

நிறம் எப்படி வருகிறது

தனியாக இருக்கும் அயனியில் ஐந்து டி ஆர்பிட்டால்களும் ஒரே ஆற்றலில் இருக்கும். சுற்றி நீர் மூலக்கூறோ ஆக்சிஜனோ வந்து நின்றதும் அவை இரண்டு மட்டங்களாகப் பிரிகின்றன. கீழ்மட்டத்து எலக்ட்ரான் மேல்மட்டத்துக்குத் தாவ வேண்டுமானால் ஒளியிலிருந்து கொஞ்சம் ஆற்றலை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அளவுக்குள் விழுந்தால் ஒரு நிறம் உறிஞ்சப்படும், மிச்சம் நம் கண்ணுக்கு வரும். மெக்னீசியத்துக்கும் அலுமினியத்துக்கும் டி எலக்ட்ரானே இல்லை. இருக்கும் எலக்ட்ரான்கள் இறுக்கமாகக் கட்டப்பட்டவை. அவற்றை அசைக்கப் புற ஊதா வேண்டும். அதனால்தான் வெள்ளைக்கல் வெள்ளை.

வீட்டிலோ பள்ளியிலோ பார்க்க நல்ல சோதனை மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். உரக்கடையில் கிடைக்கும். பொடித்த படிகம் 5 கிராம் எடுத்து, சமையலுக்கு இனி பயன்படுத்தாத பீங்கான் கிண்ணத்திலோ சோதனைக் குழாயிலோ மெதுவாகச் சூடு காட்டுங்கள். நீலம் வெளுத்து, கடைசியில் சாம்பல் படிந்த வெள்ளைப் பொடியாகும். ஆறியபின் நிறுத்தால் சுமார் 3.2 கிராம் இருக்கும். போன 1.8 கிராம் தண்ணீர். படிகத்தில் ஒவ்வொரு காப்பர் சல்பேட்டுக்கும் ஐந்து நீர் மூலக்கூறு உண்டு, எடையில் 36 சதவீதம். ஒரு சொட்டு நீர் விட்டால் பொடி சூடாகி மறுபடி நீலமாகும். எடை 3.2-க்கு மேலேயே நின்றால் சூடு போதவில்லை. கடைசி நீர் மூலக்கூறு போக 200 டிகிரிக்கு மேல் வேண்டும். பொடி கறுத்தால் சூடு மிஞ்சி, உப்பே சிதைந்து காப்பர் ஆக்சைடு ஆகிவிட்டது. கூட வரும் புகை தொண்டையை அரிக்கும், உடனே நிறுத்துங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெள்ளையானபோதும் தாமிரத்தின் ஒன்பது டி எலக்ட்ரானும் அங்கேயேதான் இருக்கின்றன. பக்கத்தில் நின்ற நீர் போனதும் இரண்டு மட்டங்களுக்கு இடையிலான தூரம் குறைந்து, உறிஞ்சல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கு நகர்ந்துவிட்டது. ஆக நிறத்தைத் தீர்மானிப்பது உலோகம் மட்டுமல்ல, அதைச் சுற்றி நிற்பவையும்தான். மயில்துத்தக் கரைசலில் நீருக்குப் பதில் அம்மோனியாவை நிற்கவைத்தால் வெளிர்நீலம் ஆழ்ந்த கருநீலமாவதும் இதனால்தான்.

அலுமினியம் ஆக்சைடுக்கே திரும்புவோம். அதன் படிகத்தில் நூறு அலுமினியத்துக்கு ஒன்று என்ற கணக்கில் குரோமியம் புகுந்தால் அது மாணிக்கக்கல். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் குரோமைட் தாதுவும் உண்டு, அலுமினியம் ஆக்சைடுப் படிகமான குருந்தக்கல்லும் உண்டு.

நிறத்துக்கு டி-க்குள் தாவுவது ஒன்றே காரணம் என்று எழுதிவிடாதீர்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் மாங்கனீசு +7 நிலையில் இருக்கிறது. அங்கே டி எலக்ட்ரான் ஒன்றுகூட இல்லை. இருந்தும் அவ்வளவு கடுமையான ஊதா. அங்கே எலக்ட்ரான் தாவுவது ஆக்சிஜனிலிருந்து மாங்கனீசுக்கு. செம்மண்ணின் சிவப்பிலும் ஆக்சிஜனுக்கும் இரும்புக்கும் இடையிலான இந்தத் தாவலுக்குப் பெரும்பங்கு உண்டு. தனித்த இரும்பு +3 உப்புகள் பல வெளிறியே இருக்கும்.

ஒரே உலோகம், பல முகம்

மெக்னீசியத்திலிருந்து முதல் எலக்ட்ரானை எடுக்க மோலுக்கு 738 கிலோஜூல், இரண்டாவதற்கு 1451. மூன்றாவதற்கு 7733. அதனால் அது +2-ஓடு நின்றுவிடும். இரும்பில் இந்தக் கணக்கு 762, 1562, 2957. ஏணிப்படி போல ஏறுகிறது, நடுவில் சுவர் இல்லை. எதிரில் நிற்கும் தனிமம் கொஞ்சம் பலமாக இழுத்தால் மூன்றாவதும் வந்துவிடும். போர் தண்ணீரைப் பிடிக்கும்போது தெளிவாக இருந்து, குடத்தில் நின்றபின் பழுப்பாகப் படிகிறதே, அது +2-ஆகக் கரைந்திருந்த இரும்பு காற்று பட்டு +3-ஆகிக் கரையாமல் அடியில் உட்காருவது.

மாங்கனீசு இதில் கெட்டிக்காரன். +2 முதல் +7 வரை எல்லாப் படியிலும் நிற்கும். ஒரு தம்ளர் நீரில் ஒரே ஒரு பெர்மாங்கனேட் படிகம் போட்டு, அரை எலுமிச்சை பிழியுங்கள். நிறம் சில நிமிடத்தில் காணாமல் போகும். எலுமிச்சையின் வைட்டமின் சி எலக்ட்ரான் கொடுத்து +7-ஐ +2-க்கு இறக்கிவிட்டது. புளிப்பு இல்லாத இடத்தில் அது +4-இல், பழுப்பு மாங்கனீசு டைஆக்சைடாக நின்றுவிடும். விரலில் படும் கறை இதுதான். சோப்பு போட்டுத் தேய்த்துப் பயனில்லை, எலுமிச்சைத் தோலால் தேய்த்தால் போகும். (சோதனைத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று சொல்லவும் வேண்டுமா?)

மாங்கனீசுக்கும் சேலத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், சேலத்து இரும்புத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் 1830-இல் இரும்பாலை தொடங்கியவர். பிறகு இங்கிலாந்தில் எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை வாங்கினார். மாங்கனீசு அங்கே செய்யும் வேலை எளிது. இரும்பில் இருக்கும் கந்தகம் இரும்பு சல்பைடாக நின்றால், அடிப்பதற்காகக் காய்ச்சும் சூட்டிலேயே எஃகின் நுண்ணிய படிக மணிகளின் ஓரங்களில் உருகி, சம்மட்டி பட்டதும் எஃகு பிளக்கும். மாங்கனீசு அந்தக் கந்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மாங்கனீசு சல்பைடு அவ்வளவு எளிதில் உருகாது.

தாமிரத்தின் குணத்தைச் சேர்வராயன் மலையில் நேரில் பார்க்கலாம். மழைக்கு முன் காப்பிச் செடிகளுக்குப் போர்டோ கலவை அடிப்பார்கள். இலைத்துரு நோய்க்கு மருந்து. (பெயரில்தான் துரு, அது இரும்பல்ல, பூசணம்.) காப்பிக்கு 0.5 சதவீதக் கலவை: 100 லிட்டருக்கு மயில்துத்தம் 500 கிராம், சுட்ட கல் சுண்ணாம்பு 500 கிராம். மிளகுக் கொடியின் வாடல் நோய்க்கு 1 சதவீதம், இரண்டும் ஒவ்வொரு கிலோ. துத்தத்தை 50 லிட்டரில் தனியாகக் கரைக்க வேண்டும், சுண்ணாம்பை நீற்றி இன்னொரு 50 லிட்டரில். பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றினால் துகள் பருமனாகி அடியில் இறங்கும், இலையில் ஒட்டாது, தெளிப்பான் மூக்கும் அடைக்கும்.

பிளாஸ்டிக் டிரம் அல்லது மண்பானைதான் எடுக்க வேண்டும், இரும்பு வாளி கூடாது. இரும்பு தன் எலக்ட்ரானைத் தாமிர அயனிக்குக் கொடுத்துவிட்டுக் கரைந்து போகும். தாமிரம் உலோகமாக வாளியில் படியும். மருந்தும் போச்சு, வாளியும் போச்சு. இதே குணத்தைச் சோதனைக்கும் பயன்படுத்துகிறார்கள். பளபளவென்று தேய்த்த கத்தியையோ அரிவாளையோ கலவையில் சில நிமிடம் முக்கி எடுத்தால், அலகில் செம்பழுப்புப் பூச்சு தெரியக் கூடாது. தெரிந்தால் சுண்ணாம்போடு சேராத தாமிரம் மிச்சமிருக்கிறது. அப்படியே அடித்தால் இலை கருகும். பூச்சு விழாத வரை சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். இப்படிச் சுண்ணாம்பு பற்றாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், மூட்டையில் கிடந்து காற்றில் கார்பனேட்டாகிப்போன பழைய சுண்ணாம்பு. கலந்த மருந்தை அன்றே அடித்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் படிகமாகித் திரியும்.

காந்தம் ஒட்டாத பாத்திரம் நல்ல பாத்திரமா?

டி அறைகளில் ஜோடி சேராத எலக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். கஞ்சமலை அடிவார ஓடையில் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி இழுத்தால் ஒட்டிக்கொண்டு வரும் கறுப்பு மணல் மேக்னடைட். அதில் இரும்பு +2-ஆகவும் +3-ஆகவும் கலந்திருக்கிறது. +3 அயனிகள் பாதி ஒரு திசையிலும் பாதி எதிர்த்திசையிலும் நின்று ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மிஞ்சும் காந்தம் +2-இன் நான்கு ஜோடி சேராத எலக்ட்ரான்களுடையது.

கஞ்சமலை அருகிலேயே சேலம் உருக்காலை இருப்பதால் அந்த மலைத் தாதுவிலிருந்துதான் அங்கே ஸ்டீல் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே தாதுவை உருக்குவதில்லை. அது துருப்பிடிக்காத எஃகுத் தகடுக்கான ஆலை.

எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் குரோமியம். 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால், மேற்பரப்பில் சில நேனோமீட்டர் தடிமனுக்குக் குரோமியம் ஆக்சைடு படலம் தானே உருவாகும்; கீறினாலும் காற்றுப் பட்டுத் தானே மூடிக்கொள்ளும். 304 என்ற ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். 430-இல் குரோமியம் 16 முதல் 18, நிக்கல் கிட்டத்தட்ட இல்லை. விலை குறைந்த 200 வரிசை ரகங்களில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசை ஏற்றியிருப்பார்கள்.

கடைக்குக் காந்தத்தோடு போய், ‘ஒட்டலைன்னா நல்ல ஸ்டீலு’ என்று வாங்குவது வழக்கம். பாதிதான் சரி. நிக்கலும் மாங்கனீசும் இரும்பு அணுக்களை வேறு அடுக்கில் நிற்க வைக்கின்றன. அந்த அடுக்கில் குட்டிக் காந்தங்கள் ஒரே திசையில் வரிசைப்படாது. ஜோடி சேராத எலக்ட்ரான் இருப்பது வேறு, அவை அணிவகுத்து நிற்பது வேறு. ஆகவே 304-லும் காந்தம் ஒட்டாது, மட்டமான 200 வரிசையிலும் ஒட்டாது. ஒட்டுகிற 430-ஓ, தண்ணீர் பட்டாலும் சாதாரணமாகத் துருப்பிடிக்காத நல்ல தகடு. இன்னொரு பக்கம், அசல் 304-இல் அழுத்தி வளைத்த விளிம்பிலும் அடிமூலையிலும் காந்தம் லேசாக ஒட்டும். அழுத்தத்தில் அங்கே அணு அடுக்கு மாறிவிட்டது. அதைப் பார்த்துப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. மாங்கனீசு ரகத்தைப் பிடிக்கப் பழைய உலோகக் கடைக்காரர்கள் ஒரு சொட்டு மருந்தும் 9 வோல்ட் பேட்டரியும் வைத்திருப்பார்கள். சொட்டு சிவந்தால் 200 வரிசை.

நல்ல எவர்சில்வரையும் கெடுப்பது உப்பு. கல்லுப்பை வெறும் பாத்திரத்தில் போட்டு மேலே தண்ணீர் ஊற்றினால், அடியில் உப்புக் கரையும் இடத்தில் குளோரைடு படலத்தைத் துளைத்துப் புள்ளி புள்ளியாகக் குழி விழும். தண்ணீர் கொதித்தபின் உப்புப் போட்டுக் கிளறினால் போதும்.

உள்ளறைக்காரர்கள்

அட்டவணையின் அடியில் தனியாக இரண்டு வரிசை. எஃப்-இல் ஏழு ஆர்பிட்டால், 14 இடம். லாந்தனத்தை (57) அடுத்துச் சீரியம் (58) முதல் லுட்டீசியம் (71) வரை 4எஃப். ஆக்டினியத்தை (89) அடுத்துத் தோரியம் (90) முதல் லாரன்சியம் (103) வரை 5எஃப். 4எஃப் எலக்ட்ரான்கள் 5எஸ், 5பி கூடுகளுக்குள்ளே மறைந்திருப்பதால் வெளியே யார் நின்றாலும் அவற்றுக்குக் கவலையில்லை. அதனால் லாந்தனைடு உப்புகளின் நிறம் வெளிர். உப்பில் கூட இருக்கும் எதிர்அயனி மாறினாலும் பெரிதாக மாறாது. நிலையும் எல்லோருக்கும் ஏறக்குறைய +3. சீரியம் +4-க்கும் யூரோப்பியம் +2-க்கும் போவது விலக்கு.

எல்லாம் ஒரே மாதிரி என்பதுதான் இவற்றின் தொல்லை. தாதுவில் ஒன்றாகவே வரும், பிரிப்பது பெரும்பாடு. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடல் மணலில் மோனசைட் என்ற தாது உண்டு. சேலம் மாவட்டத்திலேயே பக்கநாடு பாறைகளிலும் அது காணப்படுகிறது. சீரியம், லாந்தனம், நியோடிமியம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கும், கூடத் தோரியமும்.

இவை அபூர்வமானவை என்று பெயர், ஆனால் சட்டைப்பைக்குள் இருக்கின்றன. சிகரெட் லைட்டரின் சின்னக் கல் சீரியமும் இரும்பும் சேர்ந்த கலவை. உரசிப் பெயரும் துகள் காற்றிலேயே பற்றிக்கொள்ளும். இயர்போனுக்குள் இருப்பது இரண்டு நியோடிமியம், பதினான்கு இரும்பு, ஒரு போரான் என்ற விகிதத்தில் அமைந்த காந்தம். சாதாரண ரகம் 80 டிகிரி தாண்டினால் பலம் இழக்கத் தொடங்கும். மேலே நிக்கல் பூச்சு பெயர்ந்தால் துருத்துப் பொடியாகிவிடும்.

திருவிழாப் பெட்ரோமாக்ஸின் மேன்டிலில், அதாவது ஒளிரும் வலைத்துணியில், பழைய ரகம் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. உலோக நைட்ரேட்டில் ஊறிய துணியை முதலில் வெறுமனே கொளுத்துவார்கள். துணி எரிந்து ஆக்சைடு எலும்புக்கூடு மட்டும் நிற்கும். அதற்குப் பிறகு விரல் பட்டாலே உதிரும். சீரியம் ஒரு பங்குக்குக் குறைந்தாலும் கூடினாலும் வெளிச்சம் மங்கும். தோரியம் லேசான கதிரியக்கம் உள்ளது. மேன்டில் தொங்குகிற வரை பயமில்லை; முதல் கொளுத்தலின் புகையையும் உடைந்த சாம்பலையும் மூச்சில் இழுக்கக் கூடாது, ஊதித் தள்ளவும் கூடாது.

கடைசியாக லாந்தனைடு குறுக்கம். வரிசையில் ஒவ்வொரு படிக்கும் கருவில் ஒரு புரோட்டான் கூடுகிறது. எஃப் எலக்ட்ரான்கள் அந்த இழுப்பைச் சரியாக மறைப்பதில்லை. அதனால் லாந்தனம் +3 அயனியின் ஆரம் 103 பிகோமீட்டர், லுட்டீசியத்தில் அது 86. இந்தச் சுருக்கம் அடுத்து வரும் உலோகங்களையும் பாதிக்கிறது. ஒரு வரிசை கீழே இறங்கினால் அணு பெருக்க வேண்டும், பெருக்கவில்லை. ஹாஃப்னியம் சிர்க்கோனியத்தின் அளவிலேயே இருக்கிறது. சிர்க்கோனியத்தை 1789-இல் கண்டுபிடித்தார்கள். அதற்குள்ளேயே ஒளிந்திருந்த ஹாஃப்னியம் அகப்பட்டது 1923-இல்.

வெள்ளிக்கும் தங்கத்துக்கும் அதே கதி. தங்கம் ஒரு வரிசை கீழே இருந்தும் இரண்டின் அணு ஆரமும் 144 பிகோமீட்டர். தாமிரம் 128. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் தங்கத்தோடு வெள்ளியை எந்த விகிதத்தில் உருக்கினாலும் அணுவுக்கு அணு இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். உலோகம் மென்மையாகவே இருக்கும், நிறம் மட்டும் வெளுக்கும். 22 கேரட் நகையில் மிச்ச 8.4 சதவீதத்துக்கு வெள்ளியை மட்டும் போடாமல் செம்பையும் சேர்ப்பது, அளவில் சிறிய அந்த அணு அடுக்கை நெருடி நகையைக் கெட்டியாக்குவதற்காகத்தான்.